மறத்தலும் ஒரு வினை

உயிரணுவில் நினைவை எழுதும் மரபணுக்கள் இருப்பதைப் போலவே, எழுதியதை அழிக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. ஹிஸ்டோன் டிமெத்திலேஸ் மரபணுக்கள் என்று பெயர் பெற்றவை அந்த இரண்டாம் வகை. விதை உறக்கம் கலைவது, செடி பூப்பது, காய் கனிவது என்று தாவர வாழ்வின் திருப்பங்கள் பலவற்றில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் இவற்றின் வேலை எதையும் புதிதாகச் சேர்ப்பது அன்று. முன்பு வைத்த குறிகளை நீக்குவதுதான். அழிப்பதற்கென்றே தனி மரபணுக்களை உயிர் வைத்துக் காத்துவருகிறது என்ற செய்தி பழைய தத்துவக் கேள்வி ஒன்றைத் தொடுகிறது. மறதி என்பது நினைவின் இன்மை மட்டும்தானா, அல்லது மறத்தலும் ஒரு வினையா?

இந்தக் கேள்வியில் இரண்டு கட்சிகள் உண்டு. நியாய மரபில், அனுபவம் ஆன்மாவில் சம்ஸ்காரம் என்னும் பதிவை விட்டுச்செல்கிறது. அது தூண்டப்படும்போது நினைவு எழுகிறது. தூண்டல் இல்லையென்றாலோ பதிவு தேய்ந்துவிட்டாலோ நினைவு எழுவதில்லை. இந்தப் பார்வையில் மறதி என்று தனியாக ஒன்று இருக்கத் தேவையில்லை. நியாய வைசேடிகர் இருளையும் இப்படித்தான் விளக்கினார்கள்: இருள் ஒரு பொருள் அன்று, ஒளியின் இன்மையே இருள்.

சைவ சித்தாந்தம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றது. உயிரின் அறியாமைக்குக் காரணமான ஆணவ மலம் அறிவின் இன்மை அன்று. அறிவை மறைத்து நிற்கும் ஓர் உள்பொருள். நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் எப்படி உண்மையான பொருள்களோ, அப்படி உயிருக்கு ஆணவம். இறைவனின் தொழில்களை ஐந்தாக எண்ணும்போதும் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலையும் தனித் தொழிலாக வைக்கிறது இம்மரபு. மறைப்பு தானாக நேர்வதில்லை, அது செய்யப்படுகிறது. ஐரோப்பாவில் 1887-இல் வெளிவந்த ‘ஒழுக்கத்தின் மரபுவழி’ நூலில் நீட்சேயும், மறதி ஒரு சோம்பல் அன்று, மனத்தின் செயலாற்றும் திறன்களில் ஒன்று என்று வாதிட்டார்.

தாவர உயிரணு இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஆனால் தேய்வதால் வரும் மறதி, செய்வதால் வரும் மறதி என்ற இரண்டையும் அது தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. அந்த அளவில் கேள்வியைக் கூர்மையாக்குகிறது.

ஒரு செடியின் வேர், இலை, இதழ் எல்லாவற்றிலும் டி.என்.ஏ. ஒன்றே. வேறுபாடு, அதில் எந்தப் பகுதி படிக்கப்படுகிறது, எது மூடிக்கிடக்கிறது என்பதில் இருக்கிறது. டி.என்.ஏ. இழை, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளைகளின் மேல் நூல் சுற்றியது போலச் சுற்றிக்கிடக்கிறது; ஓர் உருளையின் மேல் ஏறத்தாழ 147 எழுத்து நீளம். ஹிஸ்டோன்களின் வால் போன்ற முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தின் மேல் மெத்தில் குறி ஏற்றப்படுகிறது. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மிகச் சிறிய குறி அது. ஒரு லைசினில் ஒன்று, இரண்டு, அல்லது மூன்று வரை ஏறலாம். ‘எச்3’ ஹிஸ்டோனின் 4-ஆம் லைசினில் மூன்று குறிகள் ஏறினால், அந்த மரபணு இயங்குகிறது என்பதற்கு அடையாளம். அதே ஹிஸ்டோனின் 27-ஆம் லைசினில் மூன்று ஏறினால் அந்த மரபணு அடங்கிக்கிடக்கும். இடம் மாறினால் பொருளும் மாறும்.

ஹிஸ்டோன்களில் மெத்தில் குறி உண்டு என்பது 1964-இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் குறியை லைசினோடு இணைக்கும், கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு எளிதில் அறாதது. ஆகவே ஒருமுறை ஏறிய குறி இறங்காது என்றே நாற்பது ஆண்டுகள் பெரும்பாலோர் கருதினார்கள். குறி குறைய வேண்டுமானால் செல் பிரிய வேண்டும். பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரு மகள்செல்களுக்கும் பங்காகும். புதிதாகச் சேரும் ஹிஸ்டோன்களில் குறி இருக்காது. எழுதும் நொதிகள் மறுபடி எழுதாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குறி பாதி பாதியாக நீர்த்துப்போகும். இது நியாயத்தார் சொல்லும் மறதி: யாரும் எதையும் செய்யவில்லை, பதிவு மட்டும் தேய்ந்தது.

2004-இல் ஹார்வர்டில் யாங் ஷீயின் ஆய்வுக்குழு எல்.எஸ்.டி.1 என்ற நொதியை வெளிப்படுத்தியது. ஒன்றோ இரண்டோ ஏறிய மெத்தில் குறியை அது கழற்றியது. மூன்று ஏறியதை அதனால் தொட முடியவில்லை. அடுத்த ஈராண்டுக்குள் ஜுமோன்ஜி என்ற புரதக் குடும்பம் அடையாளம் காணப்பட்டது. அதில் மூன்றையும் கழற்ற வல்லவை இருந்தன. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஒரு மரபணு பழுதான எலிக்கருக்களில் நரம்புத் தட்டின் மேல் குறுக்காக இன்னொரு பள்ளம் விழுந்து கூட்டல் குறி போன்ற வடிவம் வருவதைக் கண்டார்கள். ஜப்பானிய எழுத்தில் பத்து என்ற எண்ணும் அதே வடிவம்தான். ‘பத்து என்னும் எழுத்தின் வடிவம்’ என்று பொருள்படும் சொல்லையே மரபணுவுக்குச் சூட்டினார்கள். எலியில் கிடைத்த அந்தப் பெயர் இன்று தாவரவியலிலும் புழங்குகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியான அரபிடாப்சிஸில் ஜுமோன்ஜி வகை மரபணுக்கள் 21, எல்.எஸ்.டி.1 வகை 4. நெல்லில் ஜுமோன்ஜி வகை 20.

அழிப்பது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜுமோன்ஜி நொதியின் நடுவில் ஓர் இரும்பு அயனி அமர்ந்திருக்கும். ஆக்சிஜன் ஒரு மூலக்கூறும், செல் தன் சுவாசத்தில் உண்டாக்கும் ஆக்சோகுளூட்டரேட் ஒரு மூலக்கூறும் அங்கே வந்து சேர வேண்டும். அப்போது மெத்தில் குறி ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஃபார்மால்டிஹைடாக உதிர்ந்துவிடும். ஒரு குறியை நீக்க ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும், எரிபொருள் போன்ற ஒரு சேர்மமும் செலவாகின்றன. கழிவாக ஒரு நச்சும் வருகிறது. மூன்று குறிகளை நீக்க இதே செலவு மூன்று முறை.

செலவோடு இலக்கும் சேர்ந்திருக்கிறது. அரபிடாப்சிஸின் ஆர்.இ.எஃப்.6 என்ற நொதி 27-ஆம் லைசின் குறியைக் கண்ட இடமெல்லாம் அழிப்பதில்லை. தன் துத்தநாக விரல்களால் டி.என்.ஏ.-யில் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைத் தடவிக் கண்டு, பெரும்பாலும் அந்த இடங்களில்தான் அமர்ந்து வேலை செய்கிறது. தேய்மானத்துக்கு இலக்கு கிடையாது. இலக்கும் செலவும் கருவியும் உள்ள ஒன்றைச் செயல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இந்தச் செயலின் பயனை அறிய அரபிடாப்சிஸின் குளிர்கால வகை நல்ல சான்று. இலையுதிர் காலத்தில் முளைக்கும் இச்செடி, தரையோடு படிந்த இலைக்கொத்தாகக் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் பூக்கிறது. பூப்பதைத் தடுப்பது எஃப்.எல்.சி. என்ற மரபணு, அது இயங்கும் வரை செடி பூக்காது. வாரக்கணக்கில் குளிர் தொடரும்போது, எஃப்.எல்.சி.-யின் மேல் 27-ஆம் லைசின் குறிகள் ஏறத் தொடங்குகின்றன. தனிச் செல் ஒன்றில் இது விளக்கின் சுவிட்ச் போன்றது: மரபணு இயங்கும், அல்லது அணையும், அரைகுறை இல்லை. குளிர் நீள நீள அணைந்த செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. பிறகு வெயில் வந்தாலும், செல்கள் எத்தனை முறை பிரிந்தாலும், அணைந்தது அணைந்ததாகவே நிற்கிறது. தாவரவியலார் தட்பப்பதனம் என்று அழைக்கும் இந்த நிகழ்வு, மூளையில்லா உயிர் ஒன்று கடந்துபோன குளிரை நினைவில் வைத்திருப்பதற்கு ஒப்பானது.

அந்த நினைவு விதைக்குப் போகுமா? போவதில்லை. கரு உருவாகும் காலத்தில் எஃப்.எல்.சி. மீண்டும் இயங்கத் தொடங்கி, விதை முதிர்வதற்குள் முழு அளவுக்கு வந்துவிடுகிறது. இது தானாகத் தேய்ந்ததா, செய்யப்பட்டதா என்பதற்கு 2014-இல் விடை கிடைத்தது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஜான் இன்னிஸ் மையத்தில் கரோலின் டீனின் குழு, இ.எல்.எஃப்.6 என்ற ஜுமோன்ஜி மரபணு குறைபட்ட செடிகளை ஆராய்ந்தது. அவற்றில் அழிப்பு முழுமையாக நடக்கவில்லை. தாய்ச்செடி கண்ட குளிரின் நினைவில் ஒரு பகுதி அடுத்த தலைமுறைக்குக் கடந்து வந்தது. அழிக்கும் மரபணு பழுதானால் நினைவு மிஞ்சுகிறது என்றால், இயல்பான செடியில் மறதி நேர்வது தேய்வால் அல்ல, உழைப்பால்.

தந்தை வழியில் இந்த உழைப்பு இன்னும் வெளிப்படை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அரபிடாப்சிஸின் ஆண் இனச்செல்லில் 27-ஆம் லைசின் குறி ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. இ.எல்.எஃப்.6, ஆர்.இ.எஃப்.6, ஜே.எம்.ஜே.13 என்ற மூன்று அழிப்பான்களும் அதில் பங்கேற்கின்றன. அதோடு, அந்தக் குறியை ஏற்காத வேறொரு வகை ஹிஸ்டோன் அங்கே கொண்டுவந்து வைக்கப்படுகிறது. எழுதும் வேலையும் அங்கே குறைந்துவிடுகிறது. எழுதுவதை நிறுத்துவது, எழுதியதை அழிப்பது, எழுத முடியாத தாளை மாற்றி வைப்பது என்று மறதிக்கு மூன்று வழிகளும் ஒரே செல்லில் கூடுகின்றன. இரு கட்சிகளும் ஓரளவு சரி என்பதற்கு இதுவே சாட்சி: தேய்வும் உண்டு, செயலும் உண்டு, ஆனால் உயிர் முக்கியமான இடத்தில் தேய்வை மட்டும் நம்பியிருப்பதில்லை.

இந்த மறதியைக் காணத் தவறியதன் விலையை வரலாறு ஒருமுறை கொடுத்திருக்கிறது. சோவியத் நாட்டில் 1920-களின் இறுதியில் விதைக்குக் குளிரூட்டும் முறையைப் பரப்பிப் பேர் பெற்ற த்ரோஃபிம் லைசென்கோ, குளிர் பெற்ற கோதுமையின் மாற்றம் அதன் வழித்தோன்றல்களுக்கும் இறங்கும் என்று சாதித்தார். மனிதர்களின் பண்பைச் சூழலால் மாற்றி, அந்த மாற்றத்தை வம்சத்துக்கே கொடுக்கலாம் என்ற அரசியல் கனவுக்கு அந்தக் கூற்று பொருந்திவந்தது. அதை எதிர்த்த தாவரவியலாளர் நிகலாய் வாவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சராத்தோவ் சிறையில் இறந்தார். 1948-இல் மரபியலே அந்நாட்டில் தடைப்பட்டது. செடி குளிரை நினைவில் கொள்கிறது என்ற அளவில் லைசென்கோ பேசியதற்கு அடிப்படை இருந்தது. அந்த நினைவு விதை தோன்றும்போது துடைக்கப்படுகிறது என்பதில்தான் அவர் கூற்று உடைந்தது.

தலைமுறைகளுக்கு நடுவில் மட்டும் அல்ல, ஒரே செடியின் வளர்ச்சிக்குள்ளும் அழிப்பு தொடர்ந்து நடக்கிறது. ஆர்.இ.எஃப்.6, விதை உறக்கத்தை நீட்டிக்கும் அப்சிசிக் அமிலத்தைச் சிதைக்கும் மரபணுக்களைத் திறந்துவிட்டு உறக்கத்தைக் குறைக்கிறது. அது செயலிழந்த செடி தாமதமாகப் பூக்கிறது, இ.எல்.எஃப்.6 செயலிழந்த செடியோ முந்திப் பூக்கிறது. வெப்பம் கூடும்போது ஜே.எம்.ஜே.30 எஃப்.எல்.சி.-யின் மேல் குறி ஏறாமல் காத்து, அவசரப்பட்டுப் பூப்பதைத் தடுக்கிறது. நெல்லில் ஜே.எம்.ஜே.706 பழுதானால் சிறுகதிரின் உருவமும் பூவுறுப்புகளின் எண்ணிக்கையும் குலைகின்றன. தக்காளியில் ஒரு ஜுமோன்ஜி நொதி, கனிவதற்குரிய மரபணுக்களின் மேல் உள்ள மூடுகுறியை நீக்கிக் கனிவை விரைவுபடுத்துகிறது. இன்னொன்று இயக்கக் குறியை நீக்கிக் கனிவைத் தாமதப்படுத்துகிறது. பச்சைக் காயில் கனிவு இல்லாமல் இல்லை, மூடிக்கிடக்கிறது. பக்குவம் வரும்போது மறைப்பு நீங்கும் என்று சித்தாந்திகள் மலபரிபாகத்தைப் பேசுவதற்கு இது உவமையாகலாம். உவமை மட்டுமே, ஆணவம் அழுக்கு, மெத்தில் குறியோ செடிக்கு வேண்டிய பூட்டு.

அழிப்பு என்றால் எப்போதும் திறப்பு என்றும் கொள்ள முடியாது. நெல்லின் ஜே.எம்.ஜே.703 நீக்குவது 4-ஆம் லைசினின் இயக்கக் குறியை. அதனால் சில தாவும் மரபணுக்கள் அடங்கியே இருக்கின்றன. தன்னைப் படியெடுத்து மரபுத்தொகுதியில் புதிய இடங்களில் செருகிக்கொள்ளும் வகை அவை. ஜே.எம்.ஜே.703 இல்லாத நெற்பயிரில் அவற்றில் சில விழித்தெழுகின்றன. விழித்தெழுபவற்றில் ஒன்றுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்பே வைத்திருந்த பெயர் ‘கர்மா’. பெயர் தற்செயலாக அமைந்தாலும், அடங்கிக்கிடந்து, காவல் தளர்ந்தால் எழும் ஒன்றுக்கு அது பொருந்தவே செய்கிறது. அரபிடாப்சிஸின் ஐ.பி.எம்.1, தாவும் மரபணுக்களுக்குரிய 9-ஆம் லைசின் மூடுகுறி வேலை செய்யும் மரபணுக்களின் மேல் பரவாமல் துடைத்துவைக்கிறது. அது இல்லாமல்போனால் இலையும் பூவும் உருக்குலைகின்றன. தலைமுறை செல்லச் செல்லக் கோளாறு கூடுகிறது.

அழிக்கும் கருவியே நினைவின் கருவியாகவும் மாறலாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பத்தைத் தாங்கிய அரபிடாப்சிஸின் சந்ததி முந்திப் பூத்தது, நோய் எதிர்ப்பிலும் தளர்ந்தது. தாய் கண்ட வெப்பத்தின் நினைவு இறங்கியிருந்தது. அதை நிலைநிறுத்தியது ஆர்.இ.எஃப்.6. வெப்பத்தால் தூண்டப்பட்ட ஒரு மரபணுவின் மூடுகுறியை அது நீக்குகிறது. அந்த மரபணு ஆர்.இ.எஃப்.6-ஐ மேலும் தூண்டுகிறது. இந்த வளையம் தலைமுறையைக் கடக்கிறது. குளிர் நினைவைத் துடைப்பதில் பங்குள்ள நொதியே வெப்ப நினைவைத் தாங்குகிறது. மறைக்கும் திரோதான சக்தியே பக்குவத்தில் அருட்சக்தியாக மாறி நிற்கும் என்ற சித்தாந்தக் கொள்கையை அறிந்தவர்களுக்கு, ஒரே ஆற்றல் இரு முகம் காட்டுவது புதிதன்று. நினைவும் மறதியும் பகைவர்கள் அல்ல, ஒரே தொழிலின் இரு பயன்கள் என்பதை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி எஞ்சுவது கடினமான கேள்வி. மறத்தல் ஒரு வினை என்றால் அதன் வினைமுதல் யார்? சைவ சித்தாந்தம் ஒவ்வொரு காரியத்துக்கும் மூன்று காரணங்கள் கேட்கும்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். வினை சடம், தானாகப் போய்ப் பயன் தராது, ஊட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும் என்பது அதன் வாதம். வினை தன் ஆற்றலாலேயே பயன் தரும் என்றது மீமாம்சை. செயல் உண்டு, செய்பவன் என்று தனியே ஒருவன் இல்லை என்றது பௌத்தம். செல்லில் ஹிஸ்டோனை மண்ணாகவும் நொதி, இரும்பு, ஆக்சிஜன் ஆகியவற்றைச் சக்கரமாகவும் கொள்ளலாம். குயவன் இடத்தில் உயிரியல் யாரையும் வைப்பதில்லை. தப்பிப் பிழைத்த செடிகளின் வழியாகப் பரிணாமம் அந்தக் கருவியைக் காத்தது என்ற அளவில் அது நிற்கிறது. இந்த வருணனை பௌத்த நிலைக்கு அருகில் வருகிறது என்பது உண்மை. அதனால் சித்தாந்தம் தோற்றது என்று ஆகாது. சித்தாந்தி கேட்பது கருவியின் இயக்கத்தை அன்று, இயக்கம் என்ற ஒன்று இருப்பதன் மூலத்தை. முன்னோர்க்கு இந்தக் குறிகளை ஆராயும் எபிஜெனிடிக்ஸ் துறை தெரியும் என்று பெருமை பேசுவதும் இதே குழப்பத்தின் மறுபக்கம். அவர்கள் எழுப்பிய கேள்வி வேறு, நுண்ணோக்கி தரும் விடை வேறு.

ஓர் இடத்தில் மட்டும் செடி, மரபின் உவமையைத் திருத்துகிறது. வினை நீங்கிய உயிர் மீண்டும் பிறவாது என்பதற்கு இந்தியத் தத்துவங்கள் பலவும் வறுத்த வித்தைக் காட்டின: வறுபட்ட விதை முளைக்காது, பதிவு எரிந்தால் பிறப்பு முடிந்தது. தாவரத்தில் பதிவு நீங்குவது முடிவுக்காக அன்று, தொடக்கத்துக்காக. அரபிடாப்சிஸ் விதை வறுபட்டதன்று, துடைக்கப்பட்டது. வசந்தத்தில் பூத்த தாயிடமிருந்து கோடையில் உதிரும் அந்த விதை, இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர் என்ற ஒன்றையே இதுவரை அறியாததைப் போலக் காத்திருக்கிறது. தாயின் நினைவு அதனிடம் இருந்தால், பனிக்கு முன்பே பூத்துவிடும். பூவைப் பனி தின்றுவிடும்.